நுவரெலியா தபால் கந்தோரும் அதன் செங்கற் சுவர்களும்

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகின்ற எங்கட ஆக்கள் இரண்டு இடங்களில் நின்று படம் எடுக்காமல் திரும்புவதில்லை. ஒன்று கிரகரி வாவி. மற்றது விக்டோரியா பூங்காவுக்குக் கிட்ட, பிரதான வீதியில் நிற்கும் சிவப்புச் செங்கல் தபால் கந்தோர். கூரான கூரையும் நடுவில் உயர்ந்த மணிக்கூட்டுக் கோபுரமுமாக, தேயிலை டப்பாவில் அச்சடித்த இங்கிலாந்துக் கிராமத்துப் படம் மாதிரி அது இருக்கும். படம் எடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு முத்திரை வாங்குபவர் குறைவு. உள்ளே போகாதவருக்கு அக்கட்டடம் பாதிதான் விளங்கும் என்பது என் எண்ணம்.

இது கட்டப்பட்டது 1894ஆம் ஆண்டில். ஹிஜ்ரிக் கணக்கில் 1311, 1312. அப்போது இலங்கையின் தேசாதிபதி சேர் ஆர்தர் ஹவ்லொக். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட அறபி பாஷா கொழும்பை விட்டுக் கண்டிக்குக் குடிபெயர்ந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. கொழும்பு மருதானையில் அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கியும் அதே இரண்டு வருடங்கள். இவற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரித்தானியர் காலக் கட்டடம் என்றவுடன் அது வெள்ளைக்காரர் சரித்திரம், நமக்கு அதில் என்ன வேலை என்று கடந்துபோகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்நாட்டில் எழுந்த பெரிய அரச கட்டடங்கள் சிலவற்றை எழுப்பிய கை யாருடையது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் கட்டடம். இதன் பாணியை 'டியூடர்' என்பார்கள். டியூடர் என்பது 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட அரச வம்சத்தின் பெயர். அக்காலத்தில் அங்கே வசதியானவர்கள் செங்கல்லால் வீடு கட்டினார்கள். மற்றவர்கள் தடித்த மரச்சட்டங்களை நிறுத்தி, இடைவெளியில் வரிச்சுப் பின்னி மண் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். நம்முடைய ஊர்களில் வரிச்சுக் கட்டி மண் வைத்த வீடுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே மரச்சட்டத்தை மறைக்காமல் வெளியே தெரிய விட்டார்கள். கறுப்புக் கோடும் வெள்ளைச் சுவருமாக அது அழகாகிப் போனது. முன்னூறு வருடங்கள் கழித்து, தொழிற்சாலைப் புகையில் மூச்சு முட்டிய விக்டோரியா காலத்து ஆங்கிலேயருக்கு அந்தப் பழைய கிராமத்து வீடுகள் மேல் ஏக்கம் பிறந்தது. அதே சாயலில் புது வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். ஆகவே 1894இல் நுவரெலியாவில் எழுந்தது அசல் டியூடர் அல்ல, டியூடரை நினைத்து ஏங்கிய பாணி. நுவரெலியாவிலுள்ள இந்த வகைக் கட்டடங்கள் பலவற்றில் கறுப்புச் சட்டங்கள் வெறும் அலங்காரம்தான். சுவர் தன்பாட்டுக்கு நிற்கும், பலகை அதன்மேல் அறையப்பட்டிருக்கும். கிராண்ட் ஹோட்டலின் முகப்பை ஒருமுறை பார்த்துவிட்டுத் தபால் கந்தோருக்கு வாருங்கள். இங்கே வேலை செய்வது செங்கல். பாரத்தைச் சுமப்பதும் அதுதான், அழகைத் தருவதும் அதுதான்.

பாரம் சுமக்கும் செங்கற் சுவர் என்றால் என்ன? இன்றைய வீடுகளில் கொங்கிறீட் தூணும் பீமும் பாரத்தைத் தாங்க, சுவர் வெறும் மறைப்பாக இருக்கிறது. அன்று அப்படியில்லை. மேல் மாடி, கூரை, கோபுரம் எல்லாவற்றின் எடையும் சுவர் வழியாகவே நிலத்துக்கு இறங்கும். அதனால் சுவர் தடிப்பாக இருக்க வேண்டும், செங்கற்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். செங்கல்லின் நீளப்பக்கம் வெளியே தெரிய ஒன்று, குறும்பக்கம் வெளியே தெரிய இன்னொன்று என்று மாற்றி மாற்றி வைப்பது இதற்காகத்தான். குறும்பக்கம் தெரியும் கல் சுவரின் உள்ளே நீட்டிக்கொண்டு போய் முன்னையும் பின்னையும் இணைக்கும். பூசாத பழைய செங்கற் சுவர் எதற்கும் முன்னால் நின்று வரிசையை எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்குப் பிடிபடும். பூசி மறைத்த சுவரில் மேசன் விட்ட பிழையும் மறைந்துவிடும். பூசாத சுவரில் ஒவ்வொரு கல்லும் பரீட்சை எழுதுகிறது.

கல்லைப் பிடித்து வைக்கும் சாந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலச் செங்கற் சுவர்களின் சாந்து சுண்ணாம்பு. சீமெந்தைவிட அது மென்மையானது, ஈரத்தை வாங்கி வெளியே விடக்கூடியது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான். மழை, மூடுபனி, தை மாசியில் சில காலைகளில் புல்லின் மேல் உறைபனி. இப்படிப்பட்ட இடத்தில் சுவர் நனையாமல் இருக்காது. நனைந்த சுவர் உலர வழி இருக்கிறதா என்பதே கேள்வி. சுண்ணாம்புச் சாந்தின் வழியே ஈரம் வெளியேறிவிடும். பிற்காலத்தில் திருத்த வேலை செய்பவர்கள் அதைச் சுரண்டிவிட்டுச் சீமெந்தால் அடைத்தாலோ, கல்லின் மேல் எண்ணெய்ப் பெயின்ற் அடித்தாலோ, ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். பிறகு அது கல்லின் வழியே வெளியேறப் பார்க்கும். கல்லிலுள்ள உப்பு வெள்ளையாகப் பூக்கும், கல்லின் முகம் பொருபொருவென்று உதிரும். 'ஸ்ட்ரோங்காகப் பூசிவிட்டோம்' என்று நினைத்துச் செய்த வேலை கட்டடத்தைத் தின்னும். பழைய பள்ளிவாசல்களைத் திருத்தும் நிர்வாக சபைகளும் இதைக் கவனிப்பது நல்லது. சுண்ணாம்புச் சுவரில் சீமெந்தும் டைலும் ஒட்டி, இரண்டு மழைக்காலம் போனதும் 'சுவர் வேர்க்குது' என்று முறையிடும் பள்ளிகள் எத்தனையோ.

கூரை செங்குத்தாகச் சரிந்திருப்பது இங்கிலாந்தில் பனி வழுக்கி விழுவதற்காக. நுவரெலியாவில் பனி பொழிவதில்லை. ஆனால் அந்தச் சரிவு மழைக்கும் உதவியது. தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். இந்தக் கூரையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. முக்கோண முகப்புகள் பல இருப்பதால், ஒரு கூரைத் துண்டும் இன்னொன்றும் சந்திக்கும் பள்ளங்களும் பல. அந்தப் பள்ளத்துப் பீலிகளில் இலையும் பாசியும் அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். அழகான கூரைக்கு இது தவிர்க்க முடியாத வரி. வருடத்துக்கு இரண்டு தரம் ஒருவர் ஏணி வைத்து ஏறினால் கட்டடம் நூறு வருடம் நிற்கும். ஏறாவிட்டால் பத்து வருடத்தில் பழுதாகும்.

கீழ் மாடியில் தபால் கந்தோர். மேல் மாடி தபால் அதிபரின் குடியிருப்பு, பிறகு திணைக்கள ஊழியர்கள் தங்கும் விடுமுறை விடுதி. உத்தியோகமும் வீடும் ஒரே கூரையின் கீழ் என்பது அக்கால நிர்வாகத்தின் ஒழுங்கு. பணமும் தந்தியும் இரவில் தனியே கிடக்கக் கூடாது, பொறுப்பாளர் மேலேயே உறங்க வேண்டும். ஒரு வீட்டின் சாயல் இந்தக் கட்டடத்துக்குப் பொருந்திப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, இந்தப் பாணி ஏன் இங்கே என்ற கேள்வி. அதே காலத்தில் கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்கு (அன்று தேசாதிபதியின் மாளிகை) எதிரே பிரதான தபால் கந்தோர் எழுந்துகொண்டிருந்தது. 1891இல் வரைந்து 1895இல் முடிந்த கட்டடம். பொதுவேலைத் திணைக்களத்து ஹேர்பேர்ட் பிரெடெரிக் டோமலின் வரைந்தது. அது உயர்ந்த தூண்களோடு, ரோமாபுரி மண்டபம் போன்ற தோரணையில் நிற்கிறது. சென்னையில் 1884இல் றொபேர்ட் சிஷோம் கட்டிய பிரதான தபால் நிலையமோ இந்திய, இஸ்லாமியக் கட்டடக் கலைகளிலிருந்து வாங்கிய அம்சங்களோடு, மலையாளத்துக் கூரைகளைக்கூட நினைவூட்டும். ஒரே பேரரசு, ஒரே தபால் வேலை, பத்து வருட இடைவெளிக்குள் மூன்று முகங்கள்! கொழும்பில் அதிகாரத்தைக் காட்ட வேண்டியிருந்தது. சென்னையில், நாங்கள் உங்கள் ராஜாக்களின் வாரிசுகள் என்று காட்ட வேண்டியிருந்தது. நுவரெலியாவில் காட்டுவதற்கு எதிரே குடிமக்கள் என்று யாரையும் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அது அவர்கள் தங்களுக்காகவே கட்டிய ஊர். 1840களில் சாமுவேல் பேக்கர் வந்து பண்ணை போட்டதிலிருந்து, 1876இல் ஹில் கிளப் அமைந்தது வரை, சீமையை இங்கே இறக்கி வைப்பதே நோக்கமாக இருந்தது. ஊர்க் கடிதத்துக்காகக் காத்திருக்கும் துரைக்குத் தபால் கந்தோரும் ஊரைப் போலவே இருக்க வேண்டியிருந்தது.

1885இல் ரயில் நானுஓயாவுக்கு வந்துவிட்டது. கோப்பி 1869இல் தொடங்கிய இலைநோயில் அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்திருந்தது. கொழும்புச் சந்தையில் என்ன விலை, லண்டனில் என்ன விலை என்பதெல்லாம் தந்தியில் வரும். ஆகவே 1894இல் இங்கே ஒரு பெரிய தபால் கந்தோர் தேவைப்பட்டது அழகுக்காக மாத்திரமல்ல. தேயிலைப் பணத்தின் நரம்பு அதற்குள்ளால்தான் ஓடியது.

கொழும்புப் பிரதான தபால் கந்தோரைக் குறிப்பிட்டேன். அதைக் கட்டி முடித்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு நூதனசாலை, காலிமுக ஹோட்டல், புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம் என்று அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கட்டடங்கள் பல. நூதனசாலை 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்டபோது, என்ன சன்மானம் வேண்டும் என்று தேசாதிபதி கிரகரி கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தால் போதும் என்று மரிக்கார் சொன்னதாகவும் எம்மவரிடையே வழங்கிவரும் செய்தி எல்லோரும் அறிந்தது. அதே கிரகரியின் பெயரில்தான் நுவரெலியா வாவி இருக்கிறது, 1873இல் வெட்டியது. ஸாஹிராவை ஸ்தாபித்தவர்களிலும் மரிக்கார் ஒருவர். தூண் வைத்த ரோமாபுரிப் பாணியாகட்டும், வேறெந்தச் சீமைப் பாணியாகட்டும், காகிதத்தில் கோடு போட்டவர் வெள்ளைக்காரர் என்பதால் கட்டடமும் அவருடையதாகிவிடாது. சாந்து குழைத்து, நூல் பிடித்து, வளைவு திருப்பிய மேசன் பாஸ்மாரின் அறிவும் அதற்குள் இருக்கிறது. 1908இல் தொடங்கி அடுத்த வருடம் முடிந்த புறக்கோட்டை ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலைப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல்லை நெசவு மாதிரி அடுக்கிய ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை, கட்டடக் கலைக் கல்லூரி எதிலும் படித்தவரல்லர். செங்கல்லைப் பூசாமல் பேச விடுவதில் நம்மவர் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும்.

தபால் என்ற விடயமே நமக்கு அந்நியமானதல்ல. உமையாக்கள் காலத்திலிருந்தே 'பரீத்' என்ற தபால் ஒழுங்கு இருந்தது. இன்றும் அறபியில் தபாலுக்கு அதே சொல்தான். 1344இல் இலங்கைக்கு வந்து, பாவாதமலைக்கு ஏறி இதே மலைநாட்டைக் கண்ட இப்னு பதூதா, இந்தியாவில் தான் கண்ட தபாலைப் பற்றி எழுதியிருக்கிறார். குதிரைத் தபாலைவிட ஓட்டக்காரரின் தபால் வேகமானதாம். ஒரு கையில் கடிதம், மறு கையில் செம்பு மணிகள் கட்டிய கோல். மணிச் சத்தம் கேட்டதும் அடுத்த நிலையத்துக்காரன் இடுப்பை இறுக்கிக்கொண்டு தயாராகிவிடுவான். ஐந்நூறு வருடங்கள் கழித்து மலையகத் தோட்டங்களிலும் காலால் நடந்த தபால்தான். டவுனிலிருந்து தபால் பையைச் சுமந்துகொண்டு மலையேறியவரைத் 'தப்பால்காரன்' என்பார்கள். அவர் போய்ச் சேரும் இடம் லயன் அல்ல, துரையின் கந்தோர்.

இந்தக் கட்டடத்தின் மறுபக்கம் இங்கேதான் வருகிறது. டவுனில் மணிக்கூட்டுக் கோபுரம் நேரம் சொன்னது. தோட்டத்தில் விடியுமுன் தப்பு அடித்து நேரம் சொன்னார்கள், பிரட்டுக் களத்துக்கு ஆட்களைக் கூட்ட. டவுனில் செங்கல்லும் ஓடும். தோட்டத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, மேலே தகரம், மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. இரண்டும் ஒரே காலத்துக் கட்டடக் கலை. லயனும் யோசித்து வரைந்த கட்டடம்தான். குறைந்த செலவில் கூடிய ஆட்களை அடைப்பது எப்படி என்று யோசித்திருக்கிறார்கள். தபால் கந்தோரைப் பாதுகாக்க வேண்டும் என்று பேசும்போது, லயனையும் அதே பட்டியலில் வைத்துப் பார்க்காத கட்டடக் கலை ஆய்வு அரைகுறையானது.

லயன் காம்பிராவுக்குத் தனி விலாசம் இருக்கவில்லை. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், அவ்வளவுதான். காயிதம் தோட்டக் கந்தோருக்குப் போகும், அங்கிருந்து ஆளுக்குக் கைமாறும். 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து சிலர் தமிழ்நாட்டுக்கும் சிலர் இங்குமாக ஆனபோது, காயிதம்தான் அவர்களுக்குள் மிஞ்சிய ஒரே வழி. வேலைக்கான நேர்முகக் கடிதம் திகதி முடிந்து கையில் கிடைத்த கதை மலையகத்தில் எந்த லயனிலும் கேட்கலாம். அதனால்தான் பலர் டவுனில் தெரிந்த கடையொன்றின் விலாசத்தைக் கொடுத்தார்கள். மலையக நகரங்களில் கடை வைத்திருந்த நம்மவருக்கு இது பழகிய காட்சி. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தி வைத்த காயிதங்கள், சம்பள நாளில் வந்து 'முதலாளி, நமக்கு ஏதும் இருக்கா?' என்று கேட்பவர்கள். அவர்களில் எழுத வாசிக்கத் தெரியாதவருக்குக் கடைக்காரரே வாசித்தும் காட்டினார். இந்தக் கட்டடம் எழுவதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், 1882 டிசம்பரில், சித்திலெப்பை கண்டியில் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தன் வாசகரைத் தேடிப் போனதும் தபால் பையில்தான்.

இத்தகைய கட்டடத்தை ஹோட்டலாக்கும் யோசனை பல தடவை எழுந்தது. 2023 நவம்பரில் அது முற்றி, நுவரெலியா, கண்டித் தபால் கந்தோர்க் கட்டடங்களைக் கைமாற்றுவதற்கு எதிராகத் தபால் தொழிற்சங்கங்கள் 48 மணித்தியால வேலைநிறுத்தம் செய்தன. அரசு தபால் சேவையை அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் அறிவித்தது. ஆட்சி மாறிய பின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஹோட்டலாக்கினால் கட்டடம் பத்திரமாக இருக்கும், பணமும் வரும் என்ற வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. கந்தப்பளையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை 1990களில் ஹோட்டலாக்கினார்கள். இயந்திரங்களில் சிலவற்றையும் யன்னல் வரிசையையும் காப்பாற்றிச் செய்த நல்ல வேலை அது. ஆனால் அங்கே தொழிற்சாலை ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. இங்கே கவுண்டர் திறந்திருக்கிறது, ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஒன்றை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் கட்டில் போடுவதும், வெறுமையான ஒன்றுக்கு வேலை கொடுப்பதும் ஒன்றல்ல. தவிர, ஹோட்டல் அறை ஒவ்வொன்றுக்கும் குளியலறை வேண்டும், குழாய் வேண்டும். பாரம் சுமக்கும் செங்கற் சுவரைத் துளைத்து அதைச் செய்வது எளிதல்ல. கொழும்புப் பிரதான தபால் கந்தோரிலிருந்து பாதுகாப்புக் காரணத்தால் தபால் சேவை வெளியேறிய பின், வாப்பிச்சி மரிக்கார் கட்டிய அந்த மண்டபம் பொதுமக்களின் நினைவிலிருந்தே போய்விட்டது. தூண்கள் அப்படியே நிற்கின்றன. உள்ளே போக நமக்கு ஒரு காரணம் இல்லை.

சட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், பழைமை என்பதற்கு எல்லையாக 1815 மார்ச் 2ஆம் திகதியை வைத்தது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதாவது கண்டி இராச்சியம் வெள்ளைக்காரர் கைக்குப் போன நாளோடு 'பழைய காலம்' முடிந்துவிட்டது. அதற்குப் பிந்திய கட்டடமொன்றைக் காக்க வேண்டுமானால், பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்று வர்த்தமானியில் தனியே பிரகடனம் செய்ய வேண்டும். கோப்பி, தேயிலைக் காலத்துக் கட்டடங்கள் எல்லாமே, துரையின் பங்களா முதல் லயன் வரை, கொழும்பு மருதானை ஸாஹிரா முதல் மலையகத்துப் பழைய பள்ளிவாசல்கள் வரை, இந்த எல்லைக்கு இப்பால்தான் நிற்கின்றன. நுவரெலியா தபால் கந்தோருக்காகக் குரல் கொடுக்கத் தொழிற்சங்கம் இருந்தது, படம் எடுத்தவர்கள் இருந்தார்கள். மலையகச் சிறுநகரங்களில் நூறு வருடம் தாண்டிய நம்முடைய பள்ளிகளிலும் கடைத்தெருக்களிலும் எவை எந்த வருடத்தில் கட்டியவை, எவருடைய கையால் கட்டியவை, எதில் இன்னும் சுண்ணாம்புச் சாந்து மிச்சம் இருக்கிறது என்று ஊர்வாரியாகக் குறித்து வைத்தால், அடுத்த திருத்த வேலைக்கு முன் அந்தக் குறிப்பையும் ஒரு படத்தையும் இந்தச் சஞ்சிகைக்கு அனுப்பலாம். தபாலிலேயே அனுப்பலாம்.